சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஊருக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போதே அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். மடியில் ரயில்வே கைடு விரிந்திருக்கும். கையில் தேதி காலண்டரில் கிழித்த தாள். அதன் பின்பக்கத்தில் வரிக்கு ஒரு வண்டியாக எழுதுவார். ஏறும் ஊர், மணி, இறங்கும் ஊர், மணி. அதற்குப் பிறகு ஒரு சாய்கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று எழுதுவார். 'தஞ்சாவூர் / பெரியத்தை வீடு. திருச்சி / அடுத்த வண்டிக்கு ஹாலில் இருக்கலாம். மதுரை / மங்கம்மா சத்திரம்.' அடுத்த வண்டி தவறினால் அந்த ஊரில் எங்கே ஒதுங்குவது என்பதற்கான குறிப்பு அது. சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் எழுத முடியாத ஊரில் அவர் வண்டி மாற மாட்டார்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். அங்கிருந்து மதுரைக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி, மானாமதுரை வழியாகத் தெற்கே இறங்குவது. வரைபடத்தில் பார்த்தால் அதுதான் நேர்வழி. மற்றது திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி என்று வடக்கேயும் மேற்கேயும் சுற்றிக்கொண்டு வருவது. அப்பா எப்போதும் சுற்றுவழியில்தான் கூட்டிப்போவார். காரைக்குடி வழியில் வண்டிகள் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுதான். ஒன்றை விட்டால் அன்றைய பொழுது போச்சு. திருச்சியிலோ மதுரைப் பக்கம் போகும் வண்டிகள் பகலும் இரவும் வந்துகொண்டே இருக்கும். தூரத்தைக் கொண்டு அவர் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. தவறினால் எத்தனை மணி நேரம் இழப்போம் என்பதுதான் அவர் கணக்கு. சிறுவனாக இருந்தபோது எனக்கு இது புரியவில்லை. 1974-ல் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக வேலைக்குச் சேர்ந்து, தவறவிட்டவர்களின் முகங்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

இந்தக் கணக்கு ரயிலோடு வந்ததல்ல, நடைப்பயணத்தின் சொத்து. ராமேசுவரத்துக்குப் போகும் சேது சாலையில் சத்திரங்கள் ஏன் அத்தனை நெருக்கமாக இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். தஞ்சை மராட்டிய அரசர்களும் ராமநாதபுரம் சேதுபதிகளும் தங்கள் தங்கள் சீமையில் கட்டிவைத்தவை அவை. ஆரோக்கியமான ஆள் ஒரு நாளில் நடந்து கடக்கக்கூடிய தூரத்தில் மட்டும் கட்டியிருந்தால் போதாது. கால் வீங்கியவருக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், ஆற்றில் வெள்ளம் வடியக் காத்திருப்பவருக்கும் வழியில் ஓர் இடம் வேண்டும். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி 1802-ல் கட்டினார். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ராமேசுவரம் தீவுக்குள் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று ஊர்ப்பெயர்களிலேயே மடம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பழனிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒட்டன்சத்திரம்.

சத்திரங்களைப் பற்றிப் பேசும்போது அன்னதானத்தை மட்டும் பேசி நிறுத்திவிடுகிறோம். 1801-ல் சரபோஜி மன்னர் கம்பெனியின் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டின் நிர்வாகம் கையை விட்டுப் போயிருந்த நேரம். சத்திரங்களையாவது தம் பொறுப்பில் விட்டுவைக்கக் கேட்டு, அங்கே என்ன நடக்கிறது என்று விவரித்தார். எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு. வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியமும் பத்தியச் சாப்பாடும் உண்டு. பிரசவ வலி கண்டவளுக்கு உதவி உண்டு. அங்கேயே இறந்துபோனவருக்கு ஈமக்கடன் உண்டு, அவர் விட்டுப்போன பிள்ளைகளுக்குப் பராமரிப்பும் படிப்பும் உண்டு. பயணம் நின்றுபோகக் கூடிய வழிகள் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனைக்கும் பதில் வைத்திருந்த ஏற்பாடு அது. போய்ச்சேர்வது சாமி விட்ட வழி, நின்றுபோனால் தாங்குவது மனிதர் பொறுப்பு என்று நினைத்தவர்கள் கட்டியது.

என் பாட்டி அந்தக் காலத்தின் கடைசித் துண்டு. நாள் பார்ப்பது புறப்பாட்டுக்கு மட்டும்தான் என்பாள். வந்து சேரும் நாளை யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆடி அமாவாசைக்கு ராமேசுவரத்தில் இருந்தே ஆகவேண்டும் என்றால் பத்து நாள் முன்பே கிளம்பிவிடுவார்களாம். அமாவாசை நமக்காகக் காத்திருக்காது, நாம்தான் அதற்காகக் காத்திருக்கவேண்டும்.

ரயில் வந்ததும் நாட்கள் மணிகளாயின. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் திருச்சி பாதை ஓடத் தொடங்கியது. 1874-ல் தென்னிந்திய ரயில்வே பிறந்தது. 1894-ல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு தானே ஒரு பாதையைப் போட்டு, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வண்டி விட்டது. நிலவரியோடு சேர்த்து வாங்கிய தீர்வைப் பணத்தில் போட்ட பாதை. 1903-ல் அது அறந்தாங்கி வரை நீண்டது. அங்கிருந்து காரைக்குடியைத் தொட 1952 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. எங்கள் ஊர் வழியாகப் போனது அந்தப் பாதைதான். அதைப் பற்றிப் பேசினால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் எல்லாமே ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒரு ஸ்டேஷனில்தான் ஒன்றை ஒன்று தாண்டிக்கொள்ள முடியும். அதைக் கிராஸிங் என்போம். தெற்கேயிருந்து வரும் வண்டி இருபது நிமிடம் லேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கேயிருந்து வந்த வண்டி கிராஸிங் ஸ்டேஷனில் அதற்காக நின்றால் அதுவும் லேட். நிற்காமல் இன்னொரு ஸ்டேஷன் முன்னே போய் அங்கே கிராஸிங் வைத்துக்கொண்டால், ஏற்கெனவே லேட்டான வண்டி அங்கே காத்துக்கிடந்து இன்னும் லேட். தாமதத்தை அழிக்க முடியாது. ஒரு வண்டியின் தலையிலிருந்து எடுத்து இன்னொரு வண்டியின் தலையில் வைக்கலாம், அவ்வளவுதான். எந்தத் தலை தாங்கும் என்று பார்ப்பதுதான் கண்ட்ரோலர் வேலை. அவர் முன்னால் ஒரு பெரிய சார்ட் இருக்கும். ஒரு பக்கம் ஊர்கள், ஒரு பக்கம் மணி. ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு சாய்ந்த பென்சில் கோடு. அப்பாவின் காலண்டர் தாளில் இருந்த கோடுகளையும் இந்தக் கோடுகளையும் நான் பல முறை மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டேஷனில் எங்கள் கையில் இருந்தது டோக்கன். நீல்ஸ் பந்து டோக்கன் என்று ஒரு சிவப்புப் பெட்டி, அடுத்த ஸ்டேஷனில் அதற்கு ஜோடி. அடுத்த ஊர்க்காரர் லைன் கிளியர் கொடுத்தால்தான் என் பெட்டியிலிருந்து ஓர் இரும்புப் பந்து வெளியே விழும். உள்ளங்கை அளவு, நல்ல கனம், மார்கழி இரவில் ஐஸ்கட்டி போல் இருக்கும். அதைத் தோல் பையில் போட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, எஞ்சின் டிரைவர் கையில் கொடுக்கவேண்டும். நிற்காத வண்டியானால் பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பாரத்து விளிம்பில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார். ஓடும் எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அதற்குள் நுழைந்து வாங்கிக்கொள்ளும். பழைய வளையம் தடதடவென்று பிளாட்பாரத்தில் உருளும். அந்தப் பந்து கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தக் கூடாது. என் கையில் பந்து இருக்கும் வரை வண்டி என் ஸ்டேஷனில் நிற்கும். லேட்டான வண்டிக்காக இணைப்பு வண்டியைப் பிடித்து வைப்பது என்றால் எங்களுக்கு அந்தக் கனம்தான் அதன் அர்த்தம்.

பிடித்து வைக்கலாமா, விட்டுவிடலாமா? நூற்றைம்பது வருஷமாக ரயில்வேயில் தினமும் கேட்கப்படும் கேள்வி இது. பிடித்து வைப்பதையே முதுகெலும்பாகக் கொண்டு ஓடிய ஒரு பயணம் எங்கள் பக்கத்தில் இருந்தது. போட் மெயில்.

முதலில் அது தூத்துக்குடிக்கு ஓடியது. அங்கே கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் கடலில் பல மைல் தள்ளி நிற்கும், படகில் போய் ஏறவேண்டும், பிறகு ஓர் இரவு கடல். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தத் தடத்தில்தான். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. எழும்பூரில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான். கரையேறினால் கொழும்பு வண்டி நிற்கும். விடிந்தால் கோட்டை ஸ்டேஷன். சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே டிக்கெட்.

என் சித்தப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் இருந்தார். போட் மெயிலைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்று: "வண்டி எவ்வளவு லேட்டானாலும் கப்பல் போயிடுமோன்னு யாரும் பதறமாட்டாங்க." ரயிலுக்காகக் கப்பல் நிற்கும், கப்பலுக்காக அக்கரை ரயில் நிற்கும். பின்னாளில் தொழில்முறையில் யோசித்தபோது அதன் காரணம் தெரிந்தது. அந்தக் கப்பலுக்கு அந்த ரயிலை விட்டால் ஏற்ற வேறு கூட்டம் இல்லை. அது நின்றால் நடுக்கடலில் வேறு எந்தக் கப்பலின் கிராஸிங்கும் கெடாது. சங்கிலி போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பயணத்தில் பிடித்து வைப்பது சுலபம். நாலு பக்கமும் வண்டி ஓடும் மாயவரம் போன்ற சந்திப்பில் அதையே செய்தால் ஒரு வண்டியின் தாமதம் நாலு திசைக்கும் பரவும்.

சங்கிலியின் பலவீனமும் அதுதான், ஒரு கண்ணி அறுந்தால் வேறு வழி கிடையாது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சரைப் புயலில் கடல் கொண்டுபோயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மீளவில்லை. ஸ்டேஷன், கஸ்டம்ஸ் கட்டடம், தபால் ஆபீஸ், கோயில், ஊர், எல்லாம் போயின. பாம்பன் பாலத்தின் தூண்கள் நின்றன, கர்டர்கள் விழுந்தன. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் பொறுப்பில் அதை 46 நாளில் மறுபடி எழுப்பினார்கள். ரயில்வேக்காரனாக அதை எழுதும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை. கப்பல் ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போயிற்று, 1984-ல் அதுவும் நின்றது.

சித்தப்பா அந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வர எண்ணியிருந்தார். வரவில்லை. அப்பா அவருக்காக எழுதிவைத்த தாளில் தனுஷ்கோடிக்கு எதிரே சாய்கோடு போட்டிருந்தார். அந்தப் பக்கம் ஒன்றும் எழுதவில்லை. அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன்.

மாற்று வழி இருப்பதன் அருமையைச் சென்னை திருச்சி பாதையில்தான் பார்க்கலாம். விழுப்புரத்திலிருந்து மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டாவைச் சுற்றிவருவது மெயின் லைன். 1920-களின் இறுதியில் விருத்தாசலம், அரியலூர் வழியாக கார்டு லைன் போட்டார்கள். நேரம் மிச்சப்படுத்தத்தான் போட்டார்கள். ஆனால் எங்கள் வேலையில் அதன் இன்னொரு உபயோகம் தெரியும், ஒன்றில் அடைப்பென்றால் மற்றதில் திருப்பிவிடலாம். இரண்டும் மழைக்குத் தப்பியவை அல்ல. 1956 நவம்பரில் அரியலூருக்குப் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய்த் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது கார்டு லைனில்தான். அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டார். ஐப்பசி கார்த்திகையில் பயணம் என்றால் அப்பா தாளில் இரண்டு வழியும் இருக்கும், ஒன்று மேலே, ஒன்று கீழே.

வொர்க்கிங் டைம்டேபிள் என்று ஊழியர்களுக்கு ஒரு புத்தகம் உண்டு, வெளியே விற்பது வேறு. பாதை வேலைக்கென்று சில நிமிடம், போக்குவரத்து நெரிசலுக்கென்று சில நிமிடம் அதில் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் பெரிய ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த நிமிடங்களைச் செருகியிருப்பார்கள். கடைசி ஸ்டேஷனுக்கு வெளியே வண்டி காரணமில்லாமல் நிற்கிறதே என்று நீங்கள் சலித்துக்கொண்டதுண்டா? அன்றைக்கு வழியில் தாமதம் நேராததால் அந்த நிமிடங்கள் செலவாகாமல் மீந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கட்சி எப்போதும் அந்த நிமிடங்களின் பக்கம்தான். வேகத்தைக் காட்டுவதற்காக அவற்றைச் சுரண்டி எடுக்கும் டைம்டேபிள் முதல் மழைக்கே கிழிந்துவிடும்.

எங்கள் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்துவிட்டது. திருவாரூர் காரைக்குடிப் பாதை 2019-ல் திரும்ப முழுமையாக ஓடத் தொடங்கியபோது நான் போய் ஏறினேன். அதே வருஷம் ஏப்ரலில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. இரண்டு வண்டிகளுக்கு வாங்கிய டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களைச் சேர்த்துக்கொள்ளலாம், முதல் வண்டி லேட்டாகி இரண்டாவது தவறினால் அந்தப் பயணத்துக்கான பணம் திரும்பக் கிடைக்கும் என்று விதி வந்தது. வரவேற்கவேண்டியது. பணம் திரும்பி வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒதுங்க ஓர் இடம் வருவதில்லை. மதுரை ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மா பெயரில் சத்திரம் இருந்ததையும், சென்னை சென்ட்ரலுக்கு எதிரே 1880-களில் சவளை ராமசாமி முதலியார் சத்திரம் கட்டியதையும் நினைக்கும்போது, ஸ்டேஷன் வாசலில்தான் அந்த இடம் வேண்டும் என்று அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

ஒரு ராத்திரியைச் சொல்லவேண்டும். டெல்டாவில் ஒரு சந்திப்பு, பெயர் வேண்டாம். எழுபதுகளின் கடைசி, கார்த்திகை, நாள் முழுக்க மழை. சென்னையிலிருந்து வரவேண்டிய எக்ஸ்பிரஸ் லேட். கிளைப்பாதையின் கடைசி வண்டி 9.40-க்குக் கிளம்பவேண்டும். கண்ட்ரோலைக் கேட்டேன். இருபது நிமிடம் பிடிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று பதில் வந்தது. அந்த வண்டியின் ரேக்தான் விடியற்காலையில் அந்தக் கோடியிலிருந்து திரும்பி வரவேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கச்சேரிக்குப் போகிறவர்களும் அதை நம்பியிருந்தார்கள். சரியான முடிவுதான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மணி வரை நின்றேன். பத்துக்குக் கொடுத்துவிட்டேன். எக்ஸ்பிரஸ் 10.25-க்கு வந்தது.

கிளைப்பாதைக்காரர்கள் முப்பது பேராவது இறங்கினார்கள். கோபம், கூச்சல். ஒரு பெரியவர் மட்டும் வெயிட்டிங் ஹால் மூலையில் துண்டை விரித்துப் படுக்கத் தயாரானார். கிட்டே போய், "ஐயா, தகவல் சொல்ல யாராவது இருக்காங்களா?" என்றேன்.

"வீட்ல காலை வண்டிக்குத்தான் வருவேன்னு சொல்லிட்டு வந்தேன் தம்பி. ராத்திரி வண்டி கெடச்சிருந்தா லாபம்" என்றார்.

அப்பாவே எதிரில் உட்கார்ந்து பேசியது போல் இருந்தது.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். கையில் நனைந்த தந்தி. "அப்பா தவறிட்டார் சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. விடிந்ததும் எடுத்துவிடுவார்களா, மகளுக்காக வைத்திருப்பார்களா என்பது அவருக்கும் தெரியாது. சாய்கோடு போட்டு யோசிக்க அவருக்கு நேரம் கிடைத்ததா என்ன? கைக்குக் கிடைத்த முதல் வண்டியில் ஏறி வந்திருக்கிறார். முன்கூட்டித் திட்டமிட்டு வருகிறவர்களுக்குச் சத்திரம் போதும். இவரைப் போன்றவர்களுக்குத்தான் வண்டி நிற்கவேண்டும். நான் இருபத்தைந்து நிமிடம் அவசரப்பட்டிருந்தேன், விதிப்படி.

இரண்டு ஊருக்கு போன் போட்டேன். அரிசி மில் லாரி ஏதாவது அந்தப் பக்கம் போகிறதா என்று பாயிண்ட்ஸ்மேனை அனுப்பிக் கேட்டேன். ரோட்டில் தண்ணீர், எதுவும் போகவில்லை. குவார்ட்டர்ஸிலிருந்து என் மனைவி சுக்குக் காப்பி கொண்டுவந்து, அந்தப் பெண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பெரியவர் எழுந்து தன் துண்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். விடிய விடிய மழை.

5.15 வண்டிக்கு ஐந்து மணிக்கே லைன் கிளியர் கேட்டு வாங்கினேன். பெரியவர் அந்தப் பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு போய் எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் உட்காரவைத்தார். இறங்கியதும் ஸ்டேஷன் வாசலுக்கு அதுதான் கிட்டே என்றார். பந்தைப் பையில் போட்டு வளையத்தை நானே எடுத்துக்கொண்டு போய் டிரைவரிடம் கொடுத்தேன். வண்டி ரைட் டைமில் கிளம்பியது.